சேலையூரில் பழைய வீடு: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி:
சேலையூரில் அரை கிரவுண்டில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். முன்னால் திண்ணை, பின்னால் உறைக்கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. அம்மாவுக்கு அதை விட்டு வர மனசே இல்லை. பட்டா இன்னும் விற்பவருடைய காலமான அப்பா பேரில்தான் இருக்கிறது. “வில்லங்கம் சுத்தமா இருக்கு, நாளைக்கே அட்வான்ஸ் போடுங்க” என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயிலோ வாரிசுகளின் பாகமோ அதில் தெரியாது. முதலில் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். உயில் இல்லையென்றால் மகள்களுக்கும் சம பங்கு உண்டு, அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நான் அடிபட்டவன். கிரயம் முடிந்து ஏழு மாதம் கழித்து, விற்றவரின் தங்கை கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? அவர் பாகத்தைத் தனியாகப் பணம் கொடுத்துக் கிரயம் வாங்கினேன். என் மனைவியின் நகை அதில்தான் போனது.

பதில் 2:
முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதையும் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கேட்டவர்:
விசாரித்தேன். விற்பவருக்குத் திருச்சியில் ஒரு அக்கா இருக்கிறாராம், இப்போதுதான் சொல்கிறார்கள்! அவரை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் அட்வான்ஸ். ரொம்ப நன்றி அண்ணா.