24 பாட்டுக்கு 2,22,000 டாலரா?

குன்னூர் மைக்செட்:
கோத்தகிரி கீபோர்டு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "திருட்டுப் பாட்டு இறக்குகிறவனுக்கு எவ்வளவு அபராதம் போட்டாலும் தகும், அமெரிக்காவில் பாட்டுக் கம்பெனிகள் வழக்குப் போட்ட ஜாமி தாமஸ் என்ற பெண்ணுக்குப் போட்டதும் சரிதான்" என்கிறார். வெறும் 24 பாட்டு ஐயா! 2007இல் ஜூரி 2,22,000 டாலர் என்றது, 2009இல் மறுவிசாரணையில் 19,20,000, 2010இல் இன்னொரு விசாரணையில் 15 லட்சம். நீதிபதிக்கே மனசு கேட்காமல் 54,000 ஆகக் குறைத்தார், 2012இல் மேல்கோர்ட் பழையபடி 2,22,000க்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அந்தக் காலத்தில் ஒரு டாலர் கொடுத்தால் ஒழுங்காகவே ஒரு பாட்டு வாங்கலாம்.

கோத்தகிரி கீபோர்டு:
இறக்கியதற்கு மட்டும் போட்ட மாதிரி பேசாதீர்கள் அண்ணே. கஸா (Kazaa) என்ற, ஆளுக்காள் ஃபைல் பகிரும் மென்பொருளில் ஊருக்கே திறந்து வைத்திருந்தார். ஃபோல்டரில் இருந்தது 1,700க்கு மேல், வழக்குக்கு எடுத்ததுதான் 24. முதலில் சில ஆயிரம் டாலரில் முடித்துக்கொள்ளலாம் என்றபோதும் மாட்டேன் என்றவர்.

குன்னூர் மைக்செட்:
தீர்ப்பு எத்தனை பாட்டுக்கு? 24. அப்புறம், திறந்து வைத்தாலே பகிர்ந்த கணக்கு என்று ஜூரிக்குச் சொன்னது தப்பு என்றுதான் அதே நீதிபதி 2008இல் முதல் தீர்ப்பை ரத்து செய்தார். அதை ஏன் எழுதவில்லை? வசதியாக மறந்துவிட்டதா?

கூடலூர் பச்சைத்தேயிலை:
நம்ம சட்டம் மட்டும் என்னவாம்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் உள்ளே, 50,000 முதல் 2 லட்சம் அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் குறைக்கலாம், அவ்வளவுதான். 2004இல் திருட்டு வீடியோக்காரனைக் குண்டர் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முப்பது ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்த கடையை யாராவது தொட்டார்களா? மினிபஸ்ஸில் அந்தக் கார்டுதான். பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர் ஓடும், மேடு ஏறி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு வரலாம்.

கோத்தகிரி கீபோர்டு:
அந்தக் கடையால்தான் எங்கள் குழு படுத்தது. திருவிழாவுக்குக் கச்சேரி வைத்த ஊர்களில் இப்போது ஒரு பென் டிரைவ் செருகினால் வேலை முடிந்தது. செருகுகிறவர் யாரென்று மைக்செட் அண்ணனிடமே கேளுங்கள்.

குன்னூர் மைக்செட்:
ஓ, அங்கே வருகிறீர்களா! கச்சேரி படுத்தது பென் டிரைவால் இல்லை தம்பி, ஒன்பது மணிக் கச்சேரிக்குப் பத்தரைக்கு வந்து ஸ்ருதி சேர்த்தால் பனியில் எவன் உட்கார்ந்திருப்பான்? போன தையில் எடுத்த இரண்டு பாக்ஸுக்கு வாடகை இன்னும் வரவில்லை.

கோத்தகிரி கீபோர்டு:
அதில் ஒரு பாக்ஸ் கரகரவென்று இரைந்தது. அதற்கும் வாடகையா?

கூடலூர் பச்சைத்தேயிலை:
சட்டத்தைப் பேசலாமே சார்.

குன்னூர் மைக்செட்:
நீங்கள் சும்மா இருங்கள், முதலில் குண்டர் சட்டத்தை இழுத்ததே நீங்கள்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர், அதில் பாடினவருக்கு எவ்வளவு போகும்? கீபோர்டு வாசித்தவருக்கு எவ்வளவு? பதில் வராது. 24 பாட்டு!

கோத்தகிரி கீபோர்டு:
1,700.

குன்னூர் மைக்செட்:
24. பாக்ஸ் வாடகை தனி.