கிரீன்வே: பசுமைவழியா, நெடுஞ்சோலையா, பசுந்தடமா?

கேரி, வட கரோலினாவிலிருந்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ‘கிரீன்வே’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு, வட கரோலினா மாநிலத்தின் நிர்வாகப் பகுதிகளில் ஒன்றான வேக் கவுண்டியில் இருந்து எழுதுகிறேன். ராலே, கேரி, மோரிஸ்வில் எல்லாம் இந்தக் கவுண்டிக்குள் வரும் ஊர்கள். பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட நம் பெரியவர்களுக்காகக் கவுண்டியின் திட்ட அறிவிப்புகளைத் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்து வருகிறேன். எங்கே அடுக்குமாடி எழும்புகிறது, எந்தப் பேருந்து எந்தப் பக்கம் திரும்பும், வீட்டுக்குப் பின்னால் கொடி குத்தி அளக்கிறார்களே அது எதற்கு என்று முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். பகலில் தெருவில் நடமாடுகிறவர்களும் அவர்கள்தானே.

அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2010 கணக்கெடுப்பில் இங்கே 9 லட்சம் பேர். 2020இல் 11 லட்சத்து 29 ஆயிரம். மக்கள்தொகையில் மாநிலத்திலேயே பெரிய கவுண்டி. 2016இல் மக்கள் வாக்களித்துப் பேருந்துக்கும் ரயிலுக்கும் என்று விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூட்டிக்கொண்டார்கள். 2018இல் பூங்கா, திறந்தவெளி, கிரீன்வே ஆகியவற்றுக்காக 12 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கும் வாக்களித்தார்கள். ஆகவே எந்த அறிவிப்பை எடுத்தாலும் மூன்று சொற்கள் மாறி மாறி வரும். ‘வளர்ச்சி’, ‘பொதுப் போக்குவரத்து’ என்று இரண்டைச் சமாளித்துவிட்டேன். கிரீன்வேக்குத்தான் சொல் இல்லை.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஊரெங்கும் ஓடைகள். ஓடையோரத் தாழ்நிலத்தில் வெள்ளம் ஏறும் என்பதால் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதாளச் சாக்கடை மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓட வேண்டும் என்பதால் அந்தக் குழாயும் பெரும்பாலும் ஓடையை ஒட்டியே போகும். குழாய்க்காக ஏற்கெனவே உரிமை வாங்கி மரம் வெட்டித் திறந்த பட்டை ஒன்று அங்கே கிடக்கிறது. அதன் மேல் பத்தடி அகலத்துக்கு நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஒரு பாதை. பாதையும் இருபுறத்துக் காடும் ஓடையும் சேர்ந்தது கிரீன்வே. கிராப்ட்ரீ ஓடைப் பக்கம் நடந்தால் பாதையோரத்தில் காங்கிரீட் உருளைகள் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். சாக்கடை ஆள்நுழைவுக் குழியின் வாயை வெள்ளம் உள்ளே இறங்காதபடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பெருமழைக்கு மறுநாள் பாதையில் வண்டல் வழுக்கும். மரப்பாலத்துக் கைப்பிடியில் சருகும் சுள்ளியும் சிக்கிக் கிடக்கும். அந்த நிலம் வெள்ளத்துக்கென்று விட்ட நிலம், அதனால் வெள்ளம் ஏறுவதைக் குறை என்று சொல்ல முடியாது.

இப்படி விட்டுவைக்கலாம் என்று ராலே நகருக்கு 1972இல் அறிக்கை எழுதியவர் வில்லியம் ஃப்ளோர்னாய். அப்போது அவர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர். 1974இல் நகரம் அதைத் திட்டமாகவே ஏற்றது. இன்று ராலேக்குள் மட்டும் 100 மைலுக்கு மேல் இருக்கிறது. நியூஸ் ஆற்றோரம் ஒரே நீட்டாக 27 மைல்.

‘பசுமைவழி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா? (‘கவுண்டி’யை அப்படியே விட்டுவிடுகிறேன். மாவட்டம் என்றால் ஆட்சியர் நினைவுக்கு வருகிறார். இங்கே நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர் குழு.)

சென்னையிலிருந்து

அம்மா, வணக்கம்.

பசுமைவழி வேண்டவே வேண்டாம். சென்னையில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஆழ்வார்பேட்டைக்கும் அடையாறுக்கும் நடுவில் அமைச்சர்கள் வீடு இருக்கும் தெருவைக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார். பறக்கும் ரயிலில் ‘பசுமைவழிச் சாலை’ என்று ஒரு நிலையமே உண்டு. சேலத்தில் சொன்னால் இன்னும் மோசம். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை, 277 கி.மீ., அதற்கு வைத்த பெயரும் பசுமைவழிச் சாலைதான். 2018இல் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களில் தென்னந்தோப்பிலும் நெல்வயலிலும் கல் நட்டார்களே, அந்தச் சாலை. உங்கள் ஊர்ப் பெரியவர்களில் அந்தப் பக்கத்தவர் ஒருவராவது இருப்பார். ‘உங்கள் வீட்டுக்குப் பின்னால் பசுமைவழி வருகிறது’ என்று படித்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

என் பரிந்துரை: நெடுஞ்சோலை. நெடுஞ்சாலையின் ஓசையிலேயே அதற்கு மாற்றான பொருள். கேட்டவுடன் பிடிபடும், மறக்காது.

ஸ்கார்பரோ, கனடாவிலிருந்து

தங்கச்சிக்கு வணக்கம்.

நெடுஞ்சோலை வடிவான சொல்தான், எனக்கும் விருப்பம். ஆனால் சோலை எண்டால் மரம் அடர்ந்த இடம். இஞ்சை ஸ்கார்பரோவிலை எங்கட சனம் நிறைய இருக்கிற பகுதிக்குள்ளாலை ‘மெடோவே’ எண்டு ஒண்டு போகுது. உயர்மின் கம்பிக் கோபுரங்களுக்குக் கீழை கிடந்த வெட்டைநிலம், 16 கிலோமீற்றர். டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலை இருந்து ரூஜ் பூங்கா வரை அதைப் புல்வெளியாக மாத்திப் பாதை போடுகினம். மின்கம்பிக்குக் கீழை மரம் வளர விடமாட்டினம். புல்லும் காட்டுப்பூவும் வண்ணத்துப்பூச்சியும்தான். அது சோலையில்லை, ஆனால் கிரீன்வேதான்.

இன்னுமொண்டு. எங்கட ஊரிலை ‘ஒழுங்கை’ எண்டு சொல்லுவம். ரெண்டு பக்கமும் கிளுவை, பூவரசங் கதியால் வேலி, நடுவிலை மணல் பாதை. பசுமை தானாகவே இருக்கும். ‘பசும் ஒழுங்கை’ எண்டு யோசிச்சன். ஆனால் ஒழுங்கை வீடுகளுக்கு இடையிலை போறது, ஓடைக்கரைக்குப் பொருந்தாது எண்டு எனக்கே படுகுது. யோசனைக்கு மட்டும் எழுதுறன்.

ஈரோட்டிலிருந்து

அக்கா, வணக்கங்க.

அண்ணன் ஒழுங்கை என்றதும் எனக்கு இட்டேரி நினைவு வந்துவிட்டது. கொங்குப் பக்கம் இரண்டு தோட்டங்களுக்கு நடுவில் போகும் வண்டித்தடம். இரண்டு பக்கமும் உயிர்வேலி: கிளுவை, கள்ளி, சங்கஞ்செடி, மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்கும். கௌதாரி, கீரி, ஓணான், பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வீடும் வழியும். மழை பிடித்தால் தண்ணீர் இறங்குவதும் அதில்தான். ஆள் போக, வண்டி போக, தண்ணீர் போக, உயிரினம் போக என்று நான்குக்கும் ஒரே பட்டை. நீங்கள் எழுதியிருக்கும் கிரீன்வே இதுவேதான். இப்போது கம்பிவேலி போட்டு, தார் போட்டு, முக்கால்வாசி இட்டேரி போய்விட்டது. அந்தச் சொல்லுக்கு ஒரு புது வேலை கொடுத்தால் எங்களுக்கு மகிழ்ச்சி.

கொங்குக்கு வெளியே புரியாது என்று தள்ளினால், அதற்குள் இருக்கும் ‘தடம்’ என்ற சொல்லையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கிரயப் பத்திரம் எதைப் பிரித்தாலும் ‘மாமூல் தடபாத்தியம்’ என்று ஒரு வரி இருக்கும். அடுத்தவர் நிலத்தின் வழியாக வழக்கப்படி நடந்துபோகும் உரிமை. நிலம் அவருடையதுதான், நடக்கும் பாத்தியம் நமக்கு.

கேரியிலிருந்து, மறுமொழி

அனைவருக்கும் நன்றி. எல்லா மடல்களையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு அறிவிப்புகளை முழுவதும் எழுதிப் பார்த்தேன். சொல் தனியாக நிற்கும்போது அழகாக இருக்கிறது. வாக்கியத்துக்குள் இறங்கியபின்தான் அதன் குணம் தெரிகிறது.

பசுமைவழியைக் கைவிட்டேன். சென்னை நண்பர் சொன்ன காரணமே போதும். நிலத்தை எடுத்துக்கொள்ளும் சாலைக்கு ஒட்டிய பெயரை நிலத்தை விட்டுவைக்கும் திட்டத்துக்கு வைக்க மனம் ஒப்பவில்லை.

நெடுஞ்சோலையைக் கைவிட எனக்கு வருத்தம். ஆனால் ஸ்கார்பரோ அண்ணா சொன்ன மரக் கணக்கு ஒருபுறம் இருக்க, பெரிய தடை ஓர் எழுத்து. இந்த அறிவிப்புகளைப் பலரும் கைப்பேசியில் சிற்றெழுத்தில் படிக்கிறார்கள். பிறகு தொலைபேசியில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். நெடுஞ்சோலை வருகிறது என்பதை நெடுஞ்சாலை வருகிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால், பொதுக்கூட்டத்தில் போய் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு வருவார். அறிவிப்புச் சொல்லுக்கு அந்த ஆபத்து ஆகாது.

இட்டேரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பொருள் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் படிப்பவர்களில் நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணத்துக்காரர் எல்லாரும் உண்டு. அறிவிப்பின் முதல் வரியிலேயே விளக்கம் கேட்கும் சொல் வேண்டாம். கட்டுரைகளில் இட்டேரியை உவமையாக எடுத்தாளப் போகிறேன்.

மிச்சம் நிற்பது தடம். பசுமையோடு சேர்த்தால் பசுந்தடம். ‘பசுந்தாள் உரம்’ என்று நாம் ஏற்கெனவே சொல்வதுபோல வாயில் எளிதாக வருகிறது. இதை நான் தேர்வதற்கு முதற்காரணம் யானை வழித்தடம். செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் அந்தத் தொடர் தெரியும். அதைக் கேட்டு யாரும் யானைக்குத் தார்ச்சாலை போடுகிறார்கள் என்று நினைப்பதில்லை. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் கட்டடம் வராமல் காக்க வேண்டிய நிலம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கிரீன்வேயிலும் முதன்மை நிலம்தான். பாதை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அமெரிக்கன் டொபாக்கோ ட்ரெயில் பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட கரை. பக்கத்து நகரான டர்ஹமில் தார் போட்டிருக்கிறார்கள், வேக் கவுண்டிக்குள் கல்தூள் இறுக்கிய தரை, குதிரையும் போகும். ஓடையே வேண்டும் என்றும் இல்லை. ஓடைவழி, கரைப்பாதை என்ற சொற்களை நான் எடுக்காததும் அதனால்தான்.

இரண்டாவது காரணம் ஈரோட்டுத் தம்பி கொடுத்த பத்திர வரி. இங்கே வீட்டுக்காரர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் நிலத்தை விலைக்குக் கேட்பதில்லை, வழியுரிமைதான் கேட்கிறார்கள். அதை எழுத நான் ஒரு பத்தி செலவழித்துக்கொண்டிருந்தேன். ‘பசுந்தடப் பாத்தியம்’ என்று போட்டால் ஊரில் நிலம் வாங்கி விற்ற எந்தப் பெரியவரும் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பார்: மாமூலா, காலவரை உண்டா, வேலி யார் பொறுப்பு?

‘கார்பன் தடம்’ என்பதோடு குழம்பாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அந்தத் தடம் எப்போதும் கார்பனோடு சேர்ந்தே வருகிறது, குழம்பாது என்றே நினைக்கிறேன். பேருந்து விஷயத்தில் இது உதவியும் செய்கிறது. ராலேயில் நியூ பெர்ன் அவென்யூவில் பேருந்துக்கென்றே தனியாக ஒதுக்கிய தடம் வருகிறது. பேருந்துத்தடத்தில் இறங்கிப் பசுந்தடம் வழியாக வீட்டுக்கு நடக்கலாம் என்று எழுதினால், வரைபடத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் வாக்கியத்திலேயே தெரிகிறது.

ஆக, நிலப்பட்டைக்குப் பசுந்தடம். அதன் மேல் போடும் பாதைக்குப் பசுந்தடப் பாதை. உரிமைக்குப் பசுந்தடப் பாத்தியம். ஊரெங்கும் ஒன்றோடொன்று இணைந்தால் பசுந்தட வலை. மாதிரிக்கு ஒரு வாக்கியம்:

> ஓடையின் தென்கரையில் பசுந்தடத்துக்காக வழிப்பாத்தியம் கேட்கப்படுகிறது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பசுந்தடப் பாதையில் கார், மோட்டார் சைக்கிள் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் அடுத்த அறிவிப்பில் இதையே ஆள்கிறேன். வெள்ளம் ஏறும் தாழ்நிலத்துக்குப் பாடநூலில் ‘வெள்ளச் சமவெளி’ என்று இருக்கிறது. டெல்டாப் பக்கம் ஆற்றுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நிலத்தைப் படுகை என்பார்கள். அது பொருந்துமா என்று தஞ்சை நண்பர்கள் தனி இழையில் எழுத வேண்டுகிறேன்.