அம்மாவின் வால்வு: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 78 வயது அம்மாவுக்குப் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறக்காமல் டாவி முறையில் மாற்றலாம் என்கிறார்கள், துணியலாமா என்று. செய்தாயிற்று. மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து இன்று 12ஆம் நாள்.

சிடி ஸ்கேனில் வால்வு வாயின் அளவையும் தொடை ரத்தக்குழாயின் அகலத்தையும் பார்த்த பிறகுதான் சரி என்றார்கள். முழு மயக்கம் இல்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, சுருக்கி வைத்த வால்வை இதயம் வரை கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். பழையதை வெட்டி எடுப்பதில்லையாம். இதழ்கள் மாட்டின் இதய உறைச் சவ்வில் செய்தவை என்று டாக்டர் சொன்னதும் அம்மா, "அப்போ கோமாதா உள்ளேயே வந்துட்டா" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று இரண்டு பேர் எச்சரித்திருந்தீர்கள். நியாயமான பயம்தான், இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்பாதை வால்வை ஒட்டியே போகிறது, புது வால்வு அதை அழுத்திவிடலாம். இரண்டு நாள் மானிட்டரில் வைத்துப் பார்த்தார்கள், தேவைப்படவில்லை. தொடையில் மட்டும் நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றல், இப்போது மஞ்சளாகிவிட்டது. இன்சூரன்ஸ் ஒப்புதலுக்கு அலைந்த கதையை விடுங்கள், அது தனிப் புராணம்.

முன்பு ஆறு படி ஏறினாலே மூச்சு வாங்கும். நேற்று மாடிக்கு வந்து, நான் வடாம் பிழிந்த லட்சணத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனாள். அப்புறம், பல் பிடுங்குவதாக இருந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட வேண்டுமாம். ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்லைப் பற்றி அவள் இன்னும் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை.