இன்சுலின் பம்ப் அலாரம் அடித்தால் 'ரெஸ்யூம்' அழுத்தினால் போதுமா? அடைப்பு, கீட்டோன், செட் மாற்றம் பற்றிய சந்தேகங்கள்

மலைக்கோட்டை கேட்டது:

வணக்கம். மகளுக்கு 9 வயது, டைப் 1 சர்க்கரை நோய், எடை 26 கிலோ. ட்யூப் உள்ள பம்ப், சுகர் காட்டும் சென்சாருடன் ஆட்டோ மோடில் (சுகரைப் பார்த்து பம்பே இன்சுலினைக் கூட்டிக் குறைப்பது) ஓடுகிறது. மேனுவல் பேசல் (நாள் முழுக்கத் தொடர்ந்து போகும் அடிப்படை இன்சுலின்) பகலில் மணிக்கு 0.35 யூனிட், இரவில் 0.25. 6 மி.மீ. மென்மையான கேனுலா (தோலுக்கடியில் இருக்கும் சிறு குழல்), 60 செ.மீ. ட்யூப். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனாலும் சில விஷயங்களில் தெளிவு வேண்டும்.

'இன்சுலின் ஃப்ளோ பிளாக்டு' என்று அலாரம் வருகிறது. ரெஸ்யூம் கொடுத்தால் மறுபடி ஓடுகிறது. அதன் பிறகும் செட்டை (ட்யூபும் கேனுலாவும்) மாற்றித்தான் ஆக வேண்டுமா? செட் விலை தெரியும்தானே. அடுத்தது, அலாரம் எதுவும் இல்லாமல் சுகர் 300 தாண்டினால் பம்பிலேயே கரெக்‌ஷன் (ஏறிய சுகரை இறக்கும் கூடுதல் இன்சுலின்) கொடுப்பதா, இன்சுலின் பேனாவில் போடுவதா? இரவில் அலர்ட் மேல் அலர்ட் வருகிறது. எதையெல்லாம் அணைத்து வைக்கலாம்? கத்திரி வெயில் வேறு வருகிறது. பம்புக்குள் இருக்கும் சிறு கலனான ரிசர்வாயரில் உள்ள இன்சுலின் தாங்குமா?

---

சர்க்கரைச்செவிலி (டயாபடீஸ் எஜுகேட்டர்) பதில்:

அம்மா, இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். ஊசி போட்ட காலத்தில் லாண்டஸ் மாதிரி நீண்ட நேர இன்சுலின் ஒன்று நாள் முழுக்க உடம்பில் இருந்தது. ஒரு ஊசி தவறினாலும் அது ஓரளவு தாங்கும். பம்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏற ஆரம்பிக்கும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். இரவு 11 மணிக்கு நின்றது காலை 6 மணிக்குத் தெரிந்தால் வாந்தியோடுதான் எழுந்திருப்பாள்.

ஆகவே காரணம் தெரியாமல் 250-க்கு மேல் போனால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், சென்சாரை மட்டும் நம்ப வேண்டாம். கூடவே ரத்தக் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் பம்பிலேயே ஒரு கரெக்‌ஷன் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த செட்டை நம்பி இரண்டாவது கரெக்‌ஷன் கொடுக்காதீர்கள். பேனாவில் போடுங்கள், செட்டையும் ரிசர்வாயரையும் புதிதாக மாற்றுங்கள், பிறகு தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

முதல் தடவையே கீட்டோன் 0.6-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை: நேராகப் பேனா, நேராக செட் மாற்றம், 2 மணி நேரத்துக்குள் மறு பரிசோதனை. 1.5 தாண்டினால் டாக்டரை உடனே கூப்பிடுங்கள். 3 தாண்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு ஆழமாக வேகமாக வாங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். வயிற்று வலி, வாந்தி என்று மட்டும் வருபவளை அஜீரணம் என்று நினைத்து சோடா கொடுத்துப் படுக்க வைப்பதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு. பம்ப் போட்ட குழந்தை வாந்தி எடுத்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் கீட்டோன் பாருங்கள்.

சிறுநீர் கீட்டோன் பட்டை இருந்தால் இல்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும்.

இரவு அலர்ட் விஷயம். 'ரைஸ் அலர்ட்' எனப்படும் வேகமாக ஏறுகிறது என்ற எச்சரிக்கையை அணைத்தால் பெரிய நஷ்டமில்லை. ஹை அலர்ட்டை இரவுக்கு மட்டும் 250-க்கு உயர்த்தி, ஸ்னூஸ் 2 மணி நேரம் வையுங்கள். அதை முழுக்க அணைக்காதீர்கள். லோ அலர்ட் 70-லேயே இருக்கட்டும். பம்பை வைப்ரேஷனில் மட்டும் வைத்துவிட்டு மெத்தையில் போட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்; இரவில் சத்தம் வேண்டும்.

அவள் சென்சார் உள்ள பக்கம் அழுத்திப் படுத்தால் பொய்யாக லோ காட்டும். விரலில் குத்தி 110 வந்தால் புரண்டு படுக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது. உண்மையான லோ என்றால் 26 கிலோவுக்கு 8 கிராம் குளுக்கோஸ் போதும், பொடியாக 2 டீஸ்பூன் அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆட்டோ மோடு ஏற்கனவே இன்சுலினைக் குறைத்திருக்கும் என்பதால் பயத்தில் ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 280-ல் நிற்பாள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் அது, இல்லையென்றால் 108.

---

ட்யூப்பும்_திருகும் (பம்ப் பயிற்சியாளர்) பதில்:

முதல் கேள்விக்கு என் பதில்: ரெஸ்யூம் அழுத்தி ஓடினாலும் செட் மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பம்புக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: பிஸ்டனைத் தள்ளும்போது எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பது. இன்சுலின் உடம்புக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. கேனுலா மடங்கினால் அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் அலாரம் அடிக்கும். அந்தக் கட்டம் வர 2 யூனிட் தேங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் 1 யூனிட் பேசலில் 2 மணி நேரத்தில் அடித்துவிடும். உங்கள் மகளின் 0.25-ல் 8 மணி நேரம். நடுவில் ஒரு போலஸ் (சாப்பாட்டுக்காக ஒரே தடவையில் கொடுக்கும் டோஸ் மாதிரி) கொடுத்தால்தான் சீக்கிரம் தெரியும். அதனால் அவளுக்கு அந்த அலாரம் வந்துவிட்டது என்றாலே இன்சுலின் கொஞ்ச நேரமாகவே போகவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ரெஸ்யூம் கொடுத்ததும் ஓடுவது போலத் தெரிவது, அழுத்தம் மறுபடி சேர நேரம் எடுப்பதால்தான்.

கேனுலா தோலை விட்டு வெளியே வந்திருந்தாலோ ஓரத்தில் கசிந்தாலோ எதிர்ப்பே இருக்காது. அலாரமும் வராது! ஒட்டும் பட்டையைத் தொட்டுப் பாருங்கள், ஈரமா? முகர்ந்து பாருங்கள். இன்சுலினில் இருக்கும் பதப்படுத்தும் பொருளின் மருந்து வாடை தெளிவாக அடிக்கும், டெட்டால் மாதிரி. அந்த வாடை வந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் செட்டைக் கழற்றுங்கள்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க: முதலில் கேனுலாவோடு ட்யூபை இணைக்கும் கிளிப்பை உடம்பிலிருந்து கழற்றுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது, ஏனென்றால் ட்யூபில் தேங்கியது மொத்தமாக உள்ளே போய்விடும். பிறகு ட்யூபை நிரப்பும் மெனுவில் ஓட்டிப் பாருங்கள். நுனியில் சொட்டு வந்தால் கோளாறு கேனுலாவில். சொட்டே வராமல் மறுபடி அலாரம் அடித்தால் ட்யூபோ ரிசர்வாயரோ. திரையில் எத்தனை யூனிட் போலஸ் போகாமல் நின்றது என்று காட்டும். அதைக் குறித்துக்கொண்டு பிறகு ஓகே அழுத்துங்கள்.

செட் மாற்றும்போது அடிக்கடி நடக்கும் தவறுகள்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அப்படியே நிரப்புவது. குளிர்ந்த இன்சுலின் சூடாகும்போது குமிழி விடும். அரை மணி நேரம் வெளியே வைத்து நிரப்புங்கள். குமிழியால் ரத்தத்தில் காற்று ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம், தோலுக்கடியில்தான் போகிறது. ஆனால் ட்யூபில் ஒரு அங்குலக் காற்று ஏறக்குறைய அரை யூனிட் இன்சுலின் இல்லாததற்குச் சமம். இவளுக்கு இரவில் அது 2 மணி நேரப் பேசல். புது செட் குத்திய பிறகு கேனுலாவை நிரப்ப 6 மி.மீ.-க்கு 0.3 யூனிட் கொடுக்க வேண்டும், மறந்துவிடுகிறார்கள். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு, பழைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளிக் குத்துங்கள். கெட்டியான இடத்தில் வலிக்காது என்பதற்காகக் குழந்தைகள் அங்கேயே கேட்பார்கள். அங்கே இன்சுலின் சரியாக ஏறாது. 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை மாற்றம், அதுவும் தூங்கப் போகும் முன் வேண்டாம். மாற்றிய 2 மணி நேரத்தில் ஒருமுறை சுகர் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

பேட்டரி மாற்றியதும் நேரத்தைச் சரிபாருங்கள். 12 மணி நேர அமைப்பில் பகலும் இரவும் மாறி விழுந்தால் பகல் பேசல் இரவில் ஓடும்.

பழைய பம்பை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால்: மெட்ரானிக் 2019 நவம்பரில் மினிமெட் 600 வரிசையில் சில பம்புகளைத் திரும்பப் பெற்றது. ரிசர்வாயரைப் பூட்டி வைக்கும் வளையம் உடைந்தால் இன்சுலின் கூடவோ குறையவோ போகலாம் என்பது காரணம். 2021-ல் நிறமற்ற வளையம் உள்ளவற்றுக்குப் பதில் கறுப்பு வளையம் உள்ளவற்றை மாற்றித் தர ஆரம்பித்தார்கள். எந்த பம்ப் ஆனாலும் செட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறதா, ரிசர்வாயர் இறுக்கமாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள்.

---

மருந்துக்கடை_மாடி பதில்:

இன்சுலின் பற்றி மட்டும். நம் ஊரில் 40 ஐ.யூ. (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) குப்பியும் 100 ஐ.யூ. குப்பியும் அருகருகே இருக்கும். பம்ப் கணக்கிடுவது 100-க்கு. 40 குப்பியை நிரப்பினால் திரையில் 1 யூனிட் என்று காட்டும்போது உள்ளே போவது 0.4 தான். தவிர, 40-ல் கிடைப்பவை ரெகுலர், என்.பி.எச்., கலவை வகைகள். பம்புக்கு உரியவையே அல்ல. ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

இதைவிட ஆபத்தானது சிரிஞ்சு. அவசரத்துக்குப் பம்பின் 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 கோடு வரை எடுத்தால் 10 யூனிட் வந்துவிடும். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சிரிஞ்சே வேண்டாம், அரை யூனிட் ஏற்றும் பேனா ஒன்று வீட்டிலும் பள்ளிப் பையிலும் இருக்கட்டும்.

வெயில்: ரிசர்வாயர் இன்சுலின் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. நிறுத்திய வண்டியின் சீட்டுக்கடியில், காரின் டாஷ்போர்டில் வைத்தால் அவ்வளவுதான். உடைக்கு வெளியே வெயில் படும்படி தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள். மே மாதத்தில் காரணமில்லாமல் சுகர் ஏறிக்கொண்டே இருந்தால், செட் மாற்றியும் இறங்கவில்லை என்றால், புதுக் குப்பி திறந்து பாருங்கள். ஃப்ரீசரில் உறைந்தது என்றால் அதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

---

மலைக்கோட்டை:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: பேனாவில் கரெக்‌ஷன் போட்டால் அது பம்புக்குத் தெரியாதே? ஆட்டோ மோடு மறுபடி கொடுத்துவிடாதா? பம்பே நின்றுபோனால்?

---

சர்க்கரைச்செவிலி:

கொடுத்துவிடும். அதனால் பேனா போட்டதும் ஆட்டோ மோடை அணைத்து மேனுவலில் ஓட்டுங்கள். அந்த இன்சுலின் தீரும் வரை, பெரும்பாலும் 4 மணி நேரம். உங்கள் டாக்டர் வைத்துள்ள ஆக்டிவ் இன்சுலின் நேரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை போலஸ் கால்குலேட்டர் சொல்லும் கணக்கையும் அப்படியே ஏற்காதீர்கள். அடைப்பில் போகாத இன்சுலினைப் போனதாக நினைத்திருக்கும், பேனாவில் போட்டதையும் அறிந்திருக்காது.

பம்ப் நின்றுபோனால் நீண்ட நேர இன்சுலின் வேண்டும். ஒரு நாள் பேசல் மொத்தம் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை யூனிட் என்பது பொதுக் கணக்கு. சரியான அளவை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது வேலை செய்ய ஆரம்பிக்கச் சில மணி நேரம் ஆகும், அந்த இடைவெளிக்கு வேக இன்சுலின் பேனா. பேசல் அளவுகள், கார்ப் விகிதம் (எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது), கரெக்‌ஷன் அளவு, இலக்கு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, ஒரு புகைப்படம் கைபேசியிலும், ஒன்று வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும். பம்ப் செத்தால் அதற்குள் இருக்கும் எண்களைப் படிக்க முடியாது.

எம்.ஆர்.ஐ., சி.டி., எக்ஸ்ரே அறைக்குள் பம்பையும் சென்சாரையும் கொண்டு போகாதீர்கள். குளிக்க, நீந்தக் கழற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிடுங்கள். கழற்றும்போது சஸ்பெண்ட் கொடுத்திருந்தால் மாட்டியதும் ரெஸ்யூம் கொடுத்தீர்களா என்று திரையைப் பாருங்கள். பள்ளி நீச்சல் வகுப்பு நாளில் இதை ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.