மொட்டை மாடியில் ஈயக்குண்டு வார்க்கப் போகிறேன், கையுறையும் கண்ணாடியும் போதுமா?

பட்டினப்பாக்கம்_தூண்டில்:

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு விடிந்தால் பட்டினப்பாக்கம், இல்லாவிட்டால் முட்டுக்காடு, எப்போதாவது எண்ணூர் என்று தூண்டிலோடு கிளம்பிவிடுகிறவன் நான். எண்ணூர்ப் பக்கம் கல் அதிகம், தூண்டிலை மூழ்க வைக்கக் கட்டுகிற ஈயக்குண்டு, ஒரு காலைப்பொழுதுக்குள் ஏழெட்டு கல்லிடுக்கில் மாட்டித் தூண்டில் நரம்போடு அறுந்து போகிறது. கடையில் வாங்கி மாளவில்லை. அதனால் 60 கிராம், 90 கிராம் குண்டு வார்க்கிற அலுமினிய அச்சு ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். டயர் கடையில் கழற்றிப் போட்ட வீல் வெயிட் (சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டுகிற எடைத் துண்டு) மூன்று கிலோவும், காசிமேட்டில் பழைய வலையிலிருந்து உருவிய குண்டு இரண்டு கிலோவும் சேர்த்து வைத்திருக்கிறேன். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றும் கிடக்கிறது, அதை உடைத்தால் நிறைய ஈயம் கிடைக்கும் என்கிறார்கள்.

மயிலாப்பூரில் இரண்டாவது மாடி வீடு, மேலே மொட்டை மாடி. ஒற்றை அடுப்பும் இரும்பு வாணலியும் அங்கே கொண்டு போய்விடுவேன். கைக்கு பைக் ஓட்டும்போது போடும் கையுறை, கண்ணுக்கு கூலிங் கிளாஸ், மூக்குக்கு கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருக்கிற சர்ஜிகல் மாஸ்க். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், அவளை மாடிப் பக்கமே விடமாட்டேன். இவ்வளவு போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா?

எண்ணூர்_கொடுவா:

தம்பி, போதாது. பதினைந்து வருஷமாக நானே வார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஈயத்துக்கு அடியில் போய்ச் சிக்கினால் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும், மேலே இருக்கிற ஈயம் மொத்தத்தையும் தூக்கி எறியும். உங்களிடம் இருக்கிற சாமானில் ஆபத்தானது அந்த வலைக் குண்டுதான். தகட்டைச் சுருட்டி, நடுவில் கயிறு போக ஓட்டை விட்டிருப்பார்கள் இல்லையா, அந்த ஓட்டைக்குள் கடல் மணல் அடைத்துக் கிடக்கும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே உப்பும் ஈரமும் இருக்கும். மூன்று வருஷம் முன்னால் ஐப்பசியில் அப்படி ஒன்றை உருகிய ஈயத்தில் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பாதி வாணலி ஈயம் சுவரில் இருந்தது. நான் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில் மிளகு அளவில் இரண்டு மணி ஒட்டி உறைந்திருந்தது, சரியாகக் கருவிழிக்கு நேரே. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். தோளில் விழுந்தது சின்னத் துளிதான், ஆனால் அன்றைக்குப் போட்டிருந்தது பாலியஸ்டர் டீஷர்ட், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது, ஆற ஒரு மாதம் ஆனது.

அதனால் கூலிங் கிளாஸ் வேண்டாம். பக்கவாட்டிலும் மூடுகிற பாலிகார்பனேட் கண்ணாடி, அதற்கு மேலே கிரைண்டிங் வேலைக்குப் போடுவார்களே அந்த ஃபேஸ் ஷீல்டு, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். பைக் கையுறையில் பாதி நைலான், தூக்கிப் போட்டுவிட்டு முழங்கை வரை வரும் வெல்டிங் தோல் கையுறை வாங்குங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், உள்ளே துளி விழுந்தால் ஒரே உதறலில் கழன்று வர வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ. ஜீன்ஸை ஷூவுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் விழுகிற துளி நேராக ஷூவுக்குள் போய் உட்காரும். பாரிமுனையில் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் எல்லாமே கிடைக்கும்.

நம் ஊர்க் காற்றே ஈரம். ராத்திரி வெளியே கிடந்த அச்சிலும் கரண்டியிலும் காலையில் பனி பூத்திருக்கும், இரண்டையும் அடுப்பு ஓரத்தில் சூடாக்காமல் தொடாதீர்கள். வலைக் குண்டுகளை முதலில் காலி வாணலியில் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், அடியிலிருந்து சேர்ந்து சூடேறும்போது ஈரம் உருகுவதற்கு முன்னாலேயே போய்விடும். உருகிய பிறகு புதுசாக எதையும் உள்ளே போடாதீர்கள். மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடமா, காக்கைக்குத் தண்ணீர் வைக்கிற இடமா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். எது கொட்டினாலும் மணல்தான், தண்ணீரை ஊற்றக் கூடாது.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அம்பத்தூர்_ஷிப்ட்:

மேலே அண்ணன் சொன்னதில் ஒன்றையும் விடாதீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் என்னைப் பதற வைத்தது அந்த ஒன்றரை வயதுக் குழந்தை. நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவள், ஈயம் கையாளுகிற இடத்தில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன். அங்கே தீக்காயத்தைவிட நாங்கள் அதிகம் பயந்தது தூசிக்குத்தான்.

உருகிய ஈயத்தின் மேல் பழுப்பாக ஒரு ஏடு படியும், அதை வழித்து ஓரமாகப் போடுவீர்கள், ஆறினால் மாவு மாதிரி ஆகிவிடும். அந்தக் கசடுதான் நஞ்சு. அது சட்டையில், தலைமுடியில், ஷூவின் அடியில், போன் உறையில் எல்லாம் ஒட்டும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் இறங்கி வந்து கதவைத் திறந்ததும் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கையை வாயில் வைக்கும். அவளை மாடிக்கு விடாமல் இருந்து என்ன பயன், மாடியை நீங்களே கீழே கொண்டு வந்துவிட்டீர்களே. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள், மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் இருப்பது ஒன்றிரண்டு மாதத்தில் குறையும், எலும்பில் போய்ச் சேர்ந்தது பல வருஷம் இருக்கும். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள் பட்டியல் ஒன்று இருந்தது, அதில் முதல் வரியே ஈய நஞ்சுதான்.

சர்ஜிகல் மாஸ்க் இதற்கு உதவாது, ஓரமெல்லாம் காற்று போகும். ரப்பர் விளிம்பு வைத்த ஹாஃப் மாஸ்க், அதில் பி100 ஃபில்டர். பெயின்ட் வாடைக்கு விற்கிற கரி ஃபில்டர் மட்டும் போட்டால் போதாது, ஈயப்புகை என்பது மிக நுண்ணிய துகள்தான், துகளைப் பிடிக்கிற ஃபில்டர் வேண்டும். தாடி இருந்தால் மழித்துவிடுங்கள், ஒரு வாரத் தாடி இருந்தாலே விளிம்பு முகத்தோடு படியாது. கேஸ் அடுப்பில் சூடு எங்கே போகிறது என்று தெரியாது, 480 டிகிரியைத் தாண்டினால் புகை கிளம்புவது நன்றாகவே கூடிவிடும். தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி 400-க்குள் நிறுத்துங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும், அடுத்த வீட்டு மாடியில் துணியோ வடகமோ காய்ந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

வேலை முடிந்ததும் சட்டை, ஜீன்ஸ், ஷூ எல்லாம் மாடியிலேயே கழற்றி மூடி போட்ட வாளியில் வைத்துவிட்டு வேறு உடுப்பில் இறங்குங்கள். துணியை உதறக் கூடாது. வீட்டு மெஷினில் மற்ற துணியோடு போடவே கூடாது. கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு அதற்கப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் தூர எறியுங்கள், சரியா? அடுப்பும் வாணலியும் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நடுவில் டீ, முறுக்கு, சிகரெட் எதுவும் கிடையாது.

பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே கந்தக அமிலம், தட்டெல்லாம் ஈயச் சேர்மப் பசை, கொஞ்சம் அசைத்தாலே தூசியாகப் பறக்கும். தட்டுகளில் ஆண்டிமனி, ஆர்செனிக் கலந்திருந்தால் அந்தக் கசடில் ஈரம் பட்டு ஆர்சைன், ஸ்டிபைன் என்கிற கொடிய வாயுக்கள் வரலாம். பழைய பேட்டரியை விற்ற கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொள்வார், கொடுத்துவிடுங்கள்.

மயிலை_மாமி_சமையல்:

தூண்டில் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறோம், என் மாமியார் காலத்துச் சொம்பு. அதுவும் இந்த ஈயம்தானா?

அம்பத்தூர்_ஷிப்ட்:

இல்லை மாமி, அது வெள்ளீயம். இவர் உருக்கப் போவது காரீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் ஒழுகிப் போகிறது. காரீயம் கலக்காத சொம்பு என்றால் கவலைப்படாதீர்கள். புதிதாக வாங்கும்போது மட்டும் காரீயம் கலக்காததா என்று பரிசோதித்துத் தருகிற நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். இன்னொன்று, இவர் வீட்டில் ஈயச்சொம்பு இருந்தால் அதை ஒருபோதும் இந்த வார்ப்பு வேலைப் பக்கம் கொண்டு வரக் கூடாது.

காசிமேடு_கிழங்கான்:

எண்ணூர்க் கல்லில் போடுவதற்கு ஈயம் எதற்கு? புதுப்பேட்டையில் பழைய ஸ்பார்க் பிளக் சல்லிசாகக் கிடைக்கும், மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டிவிட்டால் கல்லில் மாட்டும்போது அது மட்டும் அறுந்து போகும், மீன் தப்பாது. கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கிற கம்பித் துண்டும் ஆகும். பிரிட்டனில் அன்னப்பறவைகள் குண்டை விழுங்கிச் செத்ததால் 1987-லேயே சின்ன ஈயக்குண்டு விற்கத் தடை போட்டுவிட்டார்கள். முட்டுக்காட்டில் கொக்கும் நாரையும் எவ்வளவு மேய்கிறது, பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் அந்த வீல் வெயிட்டில் எல்லாமே ஈயம் கிடையாது. குறடால் கடித்துப் பாருங்கள், ஈயம் என்றால் பல் பதியும். பதியாதது துத்தநாகம் அல்லது இரும்பு, எடுத்து ஓரம் போடுங்கள். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், அது உருகிக் கலந்துவிட்டால் குண்டு சரியாகவே வார்ப்பு ஆகாது.

பட்டினப்பாக்கம்_தூண்டில்:

எல்லாருக்கும் நன்றி. தீ சுடும் என்பதை மட்டும்தான் யோசித்திருந்தேன், சட்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை. நேற்று ராத்திரி மனைவியிடம் படித்துக் காட்டினேன். போன வாரம் வலைக் குண்டை எல்லாம் ஹாலில் உட்கார்ந்துதான் பிரித்தேன், அந்தப் பாயில்தான் பாப்பா விளையாடுகிறாள். இன்று காலை பாயை வெளியே போட்டுவிட்டுத் தரையை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தோம். அவளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா அக்கா? பேட்டரியைக் கடையில் கொடுத்தாயிற்று. எண்ணூருக்கு ஸ்பார்க் பிளக்தான் இனிமேல். ஆனால் பட்டினப்பாக்கத்தில் அலையில் நிற்க 90 கிராம் ஈயம் வேண்டியிருக்கிறது, அது மட்டும் வருஷத்துக்கு நாற்பது குண்டு போதும்.

அம்பத்தூர்_ஷிப்ட்:

எடுத்துவிடுங்கள் தம்பி. குழந்தை மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, ரத்தக்குழாயில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கிற தூசியும் கணக்கில் வந்துவிடலாம். ஒரு தடவை பிரித்ததற்குப் பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் ஈயம் உடம்பில் அதிகம் ஏறும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். மனைவிக்கு மறுபடி குழந்தை உண்டாகும் எண்ணம் இருந்தால் அவரும் இந்தச் சாமான் பக்கம் வர வேண்டாம்.

எண்ணூர்_கொடுவா:

நாற்பது குண்டுக்கு மயிலாப்பூர் மாடியில் அடுப்பு வைக்காதீர்கள். என் கொட்டகை வீட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, மூன்று பக்கம் திறப்பு, தரையில் மணல். தை பிறந்து மழை விட்டதும் ஒரு ஞாயிறு வாருங்கள், நாற்பதையும் ஒரே காலையில் வார்த்துவிடலாம். அச்சையும் ஈயத்தையும் மூடி போட்ட டப்பாவில் கொண்டு வாருங்கள், ஃபேஸ் ஷீல்டு என்னிடம் இரண்டு இருக்கிறது. மாஸ்க் மட்டும் உங்கள் முகத்துக்குப் படிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கிவிடுங்கள். திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை, பேன்ட், செருப்பு தனிப் பையில் எடுத்து வாருங்கள். குளிக்க இங்கேயே குழாய் இருக்கிறது.