இணையவழிச் சிபிடியில் பக்தி கலந்தால் பலன் கூடுமா?

வைகைக்கரை (கேள்வி):
சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்ட என் தாயாருக்கு, மாத்திரையுடன் காணொளி வழியாகச் சிபிடி எனும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சையையும் மருத்துவர் பரிந்துரைத்துள்ளார். நாள் தவறாமல் தேவாரம் ஓதும் அம்மாவோ, "சாமி பேச்சே இல்லாத வைத்தியம் எனக்கு எதற்கு?" என்கிறார். சமயம் சார்ந்த சிபிடி என்று ஒன்று உண்டா? அதில் கூடுதல் பலன் கிடைக்குமா?

ஆய்வுப்பிரியை:
உண்டு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் கோனிக் குழுவினர், நாள்பட்ட உடல்நோயும் மனச்சோர்வும் உள்ள 132 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிபிடியையும், மறுபாதியினருக்கு அவரவர் சமயம் தழுவிய சிபிடியையும், தலா 10 அமர்வுகளாக, பெரும்பாலும் தொலைபேசியிலேயே அளித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்து சமயத்துக்கும் தனிக் கையேடு எழுதியிருந்தார்கள். இரு பிரிவிலும் சோர்வு ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. பக்தி மிகுந்தவர்களிடம் மட்டும் சமயச் சிபிடி சற்றே முந்தியது. ருமேனியாவில் முழுக்க இணையத்திலேயே நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1992இல் உளவியலாளர் ரெபெக்கா ப்ராப்ஸ்ட் வெளியிட்ட ஆய்வில், சமயப் பற்றில்லாத சிகிச்சையாளர்கள் சமயச் சிபிடியைக் கையாண்டபோதும் நோயாளிகள் நன்கு தேறினர் என்பதுதான் எனக்கு வியப்பு. ஆகவே, பக்திமானான சிகிச்சையாளரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆலோசகர், திருச்சி:
நடைமுறையில் வேறுபாடு சிறியது. "இத்தனை கும்பிட்டும் நோய் தீரவில்லை, ஈசன் என்னைக் கைவிட்டுவிட்டான்" என்று உங்கள் தாயார், எண்ணங்களைக் குறித்துவைக்கும் சிகிச்சை நோட்டில் எழுதுவதாகக் கொள்ளுங்கள். வழக்கமான முறையில், அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கேட்போம். சமயம் தழுவிய முறையில் அதே கேள்வியை, "சூலைநோயில் துடித்த அப்பரையும் கைவிட்டானா?" என்று அவர் நம்பும் இடத்திலிருந்து கேட்போம். நிறுத்திவிட்ட கோயில் நடையை மீண்டும் தொடங்குவதும் வீட்டுப்பாடமாகலாம்.

தெற்குவீதி:
ஒரு எச்சரிக்கை. ஆன்மிக ஆலோசனை என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் எல்லாமே சிபிடி ஆகிவிடாது. "முற்பிறவி வினை, அனுபவித்தே ஆக வேண்டும்" என்று ஒருவர் என் சித்தியிடம் சொன்னதில், ஏற்கெனவே இருந்த குற்ற உணர்வு இரட்டிப்பானதுதான் மிச்சம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று அம்மா சொன்னால், அடுத்த அமர்வுவரை காத்திராமல் மருத்துவரையோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையோ அழையுங்கள்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. இப்போதுள்ள சிகிச்சையாளரிடமே, அம்மாவின் பக்தியையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். அம்மா நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருக்கிறார்.