ப்ரோக்ராம் ஹேங் ஆனா உடனே எண்ட் டாஸ்க் குடுக்கலாமா?

இரவுப்பறவை:
வீட்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 10, எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) இல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்தான். கொஞ்ச நாளா எதைத் திறந்தாலும் நடுவுல அப்படியே நின்னுடுது, ஸ்க்ரீன் வெளுத்துப்போய் மேல நாட் ரெஸ்பாண்டிங்னு வருது, மவுஸ் மட்டும் நகருது. டைப் பண்ணினது போயிடுமோனு எண்ட் டாஸ்க் குடுத்து வலுக்கட்டாயமா மூடவே பயமா இருக்கு. எவ்ளோ நேரம் காத்திருக்கறது? பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணா ஏதாவது கெட்டுப்போகுமா?

விசைப்பலகை:
பதறாதீங்க. 5 செகண்டுக்கு மேல ஒரு ப்ரோக்ராம் விண்டோஸுக்கு பதில் சொல்லலேன்னா அந்த நாட் ரெஸ்பாண்டிங் வந்துடும், அதுக்காக அது செத்துப்போச்சுன்னு இல்ல. கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறங்க, அந்த ப்ரோக்ராமுக்கு நேரா சிபியு, டிஸ்க் நம்பர் ஏறி இறங்கிட்டு இருந்தா உள்ள வேலை நடக்குது, விட்டுருங்க. ரெண்டும் 0லயே கிடந்தா டீடெய்ல்ஸ் டேப்புக்குப் போய் அது மேல ரைட் க்ளிக் பண்ணி அனலைஸ் வெயிட் செயின் குடுங்க, எதுக்காக காத்துக்கிட்டு நிக்குதுன்னு காட்டும். பல சமயம் பிரிண்டர் சம்பந்தமான ஒரு குட்டி ப்ராசஸ்ல மாட்டியிருக்கும், அதை மட்டும் மூடினாலே மெயின் ப்ரோக்ராம் திரும்பி வந்துடலாம், டைப் பண்ணினதும் அப்படியே இருக்கும். இந்த ஆப்ஷனை நிறைய பேர் பார்க்கறதே இல்ல.

வேர்டுல ஆட்டோ ரெகவர் (டைப் பண்ணினதை தானா காப்பி எடுத்து வைக்கறது) வழக்கமா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான், ஃபைல் ஆப்ஷன்ஸ்ல சேவ் பக்கத்துல போய் 1 நிமிஷமா மாத்திடுங்க.

பழையமதர்போர்டு:
பவர் பட்டன் கடைசி வழிதான். டிஸ்க்ல எழுதிட்டிருக்கும்போது கரண்ட் கட் பண்ணா ஃபைல் பாதியில நின்னு கெட்டுப்போகலாம். ஸ்க்ரீன் மொத்தமா உறைஞ்சா முதல்ல கேப்ஸ் லாக் அமுக்கிப் பாருங்க, லைட் மாறுச்சுன்னா சிஸ்டம் உயிரோடதான் இருக்கு, அப்போ விண்டோஸ் கன்ட்ரோல் ஷிஃப்ட் பி (B) சேர்த்து அமுக்கினா டிஸ்ப்ளே டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும்.

ஆனா உங்களுக்கு எல்லா ப்ரோக்ராமும் நிக்குதுன்னா சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேலதான். ஹேங் ஆகும்போது டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ் டேப்ல டிஸ்க் எவ்ளோன்னு பாருங்க, ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் எரரை எல்லாம் பதிவு பண்ணி வைக்கற இடம்) சிஸ்டம் லாக்ல டிஸ்க்னு சிவப்பு எரர் இருக்கான்னும் பாருங்க.

இரவுப்பறவை:
பார்த்தேங்க. டிஸ்க் 100%லயே நிக்குது, ஆனா ரீட் ஸ்பீடு ஒண்ணுமே இல்ல. ஈவென்ட் வியூவர்ல டிஸ்க், ஐடி 7னு வரிசையா இருக்கு. டிஸ்க்கை சோதிச்சு சரிபண்ற செக் டிஸ்க் ஓட்டட்டுமா?

பழையமதர்போர்டு:
இப்போ ஓட்டாதீங்க! 7ன்னா பேட் பிளாக், அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இடம், அந்த ஒரே இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டுது, அதுக்காக காத்துக்கிட்டுதான் எல்லா ப்ரோக்ராமும் நிக்குது. செக் டிஸ்க்ல முழு ஸ்கேன் போட்டா போற நிலைமைல இருக்கற டிஸ்க்கை இன்னும் வாட்டி எடுக்கும். போட்டோ, டாக்குமென்ட் முக்கியமானது எல்லாம் முதல்ல வேற டிரைவுக்கு காப்பி பண்ணுங்க, ஏதாவது ஃபைல் காப்பி ஆகாம நின்னா ஸ்கிப் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க. அப்புறம் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை புதுசா ஏத்திடுங்க, இந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது.